ஆலெஸ் ஸ்டேனார்: கடலோரக் கற்கப்பலின் வயது என்ன, அங்கே போவது எப்படி?

கோபன்ஹேகனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வரும் ஜூலையில் பெற்றோருடன் போவதாகவும், அங்கிருந்து ஒரு நாள் சுவீடனின் தென்கோடிக் கடற்கரைக்குச் சென்று ஆலெஸ் ஸ்டேனார் கற்களைப் பார்த்துவர எண்ணுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஓரிடத்தில் 1,400 ஆண்டு, இன்னோரிடத்தில் 2,800 ஆண்டு, வேறோரிடத்தில் 5,500 ஆண்டு என்று படித்ததில் எதை நம்புவது என்பது உங்கள் முதல் கேள்வி. முழங்கால் வலியுள்ள அப்பாவை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவது தகுமா என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு விடை எளிது: தகும், வழியை மட்டும் பார்த்துத் தேர்ந்துகொள்ள வேண்டும். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் அந்த மூன்று எண்களும் ஒரே பொருளின் வயதைச் சொல்வன அல்ல.

இங்கிலாந்தில் உள்ள ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழைய கல்வட்டத்தை நினைத்துப் பலரும் இதைச் 'சுவீடனின் ஸ்டோன்ஹெஞ்ச்' என்று அழைப்பதால் கல்வட்டம் என்ற எண்ணமே முதலில் எழும். அந்த எண்ணத்தோடு போனால் வட்டத்தைத் தேடி ஏமாறுவீர்கள். 59 பெரிய கற்கள், இரு முனைகளிலும் கூராகச் சேர்ந்து நடுவில் அகன்று விரியும் ஒரு கப்பலின் விளிம்பைப் போல நிறுத்தப்பட்டிருக்கின்றன. நீளம் 67 மீட்டர், நடுவில் அகலம் 19 மீட்டர். இரு முனைக் கற்களும் மற்றவற்றைவிட உயரமானவை; மரக்கலத்தின் இரு நுனிகளும் மேல்நோக்கி எழுந்து நிற்பதை அவை நினைவூட்டும். கோசெபெர்யா என்னும் சிறு மீன்பிடிக் கிராமத்துக்கு மேலே, பால்டிக் கடலிலிருந்து 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்து செங்குத்தாக நிற்கும் மணல்மேட்டின் முகட்டில், ஒரு மரமும் இல்லாத புல்வெளியில் இது இருக்கிறது. கடலைத் தவிர வேறு பின்னணி இல்லாததால், படத்தில் பார்ப்பதைவிட நேரில் கற்கள் சிறியனவாகவும் இடம் பெரியதாகவும் தோன்றும். என் முதல் எண்ணம் 'இவ்வளவுதானா' என்பதே. ஒரு கல்லின் அருகே போய் நின்ற பிறகுதான் அதன் எடை உறைத்தது. மிகப் பெரியவை 1.8 டன் வரை இருக்கும் என்கிறார்கள். பக்கங்களில் சாம்பல் நிறத்திலும் மஞ்சளிலும் கற்பாசி படர்ந்திருக்கும். அங்கே மேய விடப்படும் மாடுகள் உடம்பை உரசி உரசிச் சில கற்களின் இடுப்புயரத்தில் மட்டும் பாசி தேய்ந்து கல் வழவழப்பாகியிருக்கும்.

இந்த வடிவம் அங்கே அரியதன்று. நீங்கள் தங்கப் போகும் டென்மார்க்கிலேயே ஆல்போர்க் நகரை ஒட்டிய லிண்ட்ஹோம் ஹோயே என்னும் பழைய இடுகாட்டில் ஏறத்தாழ 700 கல்லறைகளும் அவற்றுள் பல கப்பல் வடிவக் கல்வரிசைகளும் உள்ளன. அதே நாட்டின் யெல்லிங்கில் ஏறக்குறைய 350 மீட்டர் நீளமுள்ள ஒரு கற்கப்பல் இருந்ததற்கான தடயம் கிடைத்திருக்கிறது. இவை வடநாட்டு இரும்புக் காலத்தின் பிற்பகுதியையும் வைக்கிங் காலத்தையும், அதாவது பெரும்பாலும் கி.பி. முதல் ஆயிரமாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தவை. ஆனால் பால்டிக் கடல் நடுவே உள்ள கோட்லாந்து தீவின் கற்கப்பல்கள் அவற்றைவிட மிகவும் முந்தியவை; வெண்கலக் காலத்தின் கடைப்பகுதியில், அதாவது கி.மு. 1000 முதல் 500 வரையான காலத்தில் எழுப்பப்பட்டவை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் வடிவத்தை மட்டும் வைத்து ஆலெஸ் ஸ்டேனாரை எந்தக் காலத்திலும் சேர்க்கலாம். வெண்கலக் காலம் என்று சொல்பவர்களின் வாதம் எடுத்த எடுப்பிலேயே தள்ளத்தக்கதாக இல்லாமைக்கு இதுவே காரணம்.

கல்லுக்கு வயது கணிப்பதில் உள்ள இடர்ப்பாடு பலருக்கும் தெரிவதில்லை. கார்பன்-14 முறை உயிரோடு இருந்த பொருளுக்கு மட்டுமே செல்லும்: மரக்கரி, எலும்பு, தானியம், பானையின் உட்புறத்தில் ஒட்டிக் கருகிய உணவு. உயிர் போனதும் அதிலுள்ள கார்பன்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சியதை அளந்து காலத்தைக் கணிக்கிறார்கள். கல்லில் அப்படி அளக்க எதுவும் இல்லை. கல் உருவாகிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கும்; நமக்கு வேண்டியது யாரோ அதைத் தூக்கி நிறுத்திய நாள். ஆகவே ஆய்வாளர் கல்லின் அடியிலும் அருகிலும் கிடைப்பனவற்றுக்கு வயது கணித்து, அவற்றுக்கும் கல்லுக்கும் என்ன உறவு என்று வாதிட வேண்டியிருக்கிறது. இந்த இடத்தைப் பற்றிய பூசல் முழுவதும் அந்த உறவைப் பற்றியதுதான். ஆய்வகம் தந்த எண்களின்மேல் யாருக்கும் பெரிய ஐயம் இல்லை.

முறையான முதல் அகழாய்வு 1989இல் தொடங்கியது; தலைமை தாங்கியவர் மெர்த்தா ஸ்ட்ரோம்பெர்க் என்னும் தொல்லியலாளர். கற்கப்பலின் உள்ளே, அழகுவேலை செய்த ஒரு மட்கலம் கிடைத்தது. அதற்குள் எரிந்த மனித எலும்புகள் இருந்தன; வேறெங்கோ சிதையில் எரித்து, பிறகு பொறுக்கி இதில் இட்டிருக்கிறார்கள். கலத்தினுள் இருந்தவற்றில் ஒரு பகுதி கி.பி. 330 முதல் 540 வரையான காலத்தைக் காட்டியது. கருகிய உணவுப் படிவு கி.பி. 540 முதல் 650 வரையான காலத்தைக் காட்டியது. கப்பலுக்குள்ளேயே, யாராலும் அசைக்கப்படாமல் கிடந்த பாறைகளின் அடியில் பூர்ச்ச மரத்தின் கரி கிடைத்தது; அதுவும் 540 முதல் 650 வரை. மொத்தம் ஏழு கார்பன் முடிவுகளில் ஆறு ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தைச் சுட்ட, ஒன்று மட்டும் 5,500 ஆண்டுகளுக்கு முன்னால் போய் நின்றது. சுவீடனின் தேசியத் தொல்மரபு வாரியம் இந்த ஆறையும், இதைப் போன்ற பிற கற்கப்பல்களின் காலத்தையும் சேர்த்துப் பார்த்து, இது இரும்புக் காலத்தின் இறுதியில், கி.பி. 600ஐ ஒட்டி எழுந்திருக்க வேண்டும் என்று கொள்கிறது. நீங்கள் படித்த முதல் எண் இது.

இந்தச் சான்றுகள் எல்லாம் ஒரே வலிமை உடையனவல்ல. மட்கலத்தை எடுத்துக்கொண்டால், பழைய கற்கப்பல் ஒன்றுக்குள் பல நூற்றாண்டுக்குப் பின் வந்த ஒருவர் தம் இறந்தோரின் எலும்பைப் புதைத்திருக்க முடியும். பழைய கோயிலின் சுற்றாலைக்குள் பிற்காலத்தார் சமாதி எழுப்புவதைப் போன்றதுதான் அது. எனவே மட்கலத்தின் காலத்தைக் கப்பலின் காலம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பாறைக்கு அடியில் கிடைத்த கரி வேறு வகை. பாறை அசையாமல் இருந்திருந்தால், அதற்குக் கீழே உள்ள கரி அதற்கு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். அதாவது அந்தப் பாறை அங்கே வந்தது கி.பி. 540க்குப் பிறகே. என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கில் மிக உறுதியான சாட்சி அந்தச் சிறிதளவு கரிதான். அதையும் மறுக்க வேண்டுமானால், உள்ளே கிடந்த பாறைகள் ஒரு காலத்தன, சுற்றி நிற்கும் 59 கற்கள் வேறொரு காலத்தன என்று வாதிட வேண்டும். அப்படி வாதிட முடியும். அதற்குத் தனியாகச் சான்று காட்ட வேண்டும்.

5,500 என்ற எண் நீண்ட காலம் ஒரு தனிக்கட்டையாகவே இருந்தது. முன்பே அங்கே யாரோ மூட்டிய தீயின் கரி என்று அதை ஒதுக்கிவைத்திருந்தார்கள். 2006இல் காந்தப்புல அளவீட்டாலும் தரையை ஊடுருவும் ராடாராலும் மேட்டை ஆராய்ந்தபோது, கற்கப்பலுக்குப் பக்கத்தில் மண்ணுக்கடியில் ஏறத்தாழ 165 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்ட அமைப்பும், அதன் நடுவே 20 மீட்டருக்கு 8 மீட்டர் அளவில் ஒரு நீள்சதுர அமைப்பும் தென்பட்டன. 2012 அக்டோபரில் அங்கே ஒரு சோதனைக் குழி வெட்டினார்கள். பெருங்கற்கள் நின்ற பள்ளங்கள் இருந்தன, கற்களைக் காணவில்லை. புதிய கற்காலத்தைச் சேர்ந்த ஒரு கற்திட்டை, அதாவது பலகைக் கற்களால் அறைபோல் அமைத்து மூடிய பழைய ஈமச் சின்னம், அங்கே இருந்திருக்க வேண்டும் என்றும், அதன் கற்களைப் பிற்காலத்தார் பெயர்த்தெடுத்துப் போய்விட்டார்கள் என்றும் ஆய்வாளர் கருதுகிறார்கள். எங்கே போயிருக்கும் என்று கேட்டால், எல்லாருடைய விரலும் சற்றுத் தள்ளி நிற்கும் கற்கப்பலைத்தான் காட்டுகிறது.

அந்தச் செய்தி வெளியானபோது பல தலைப்புகள் 'ஆலெஸ் ஸ்டேனார் 5,500 ஆண்டுப் பழமை' என்று ஓடின. செய்தி சொன்னது அதுவன்று. மேட்டின்மீது மனிதர் பெருங்கல் நாட்டிய வரலாறு 5,500 ஆண்டுப் பழமை உடையது. அப்போது கப்பல் இல்லை. இன்று கப்பலில் நிற்கும் ஒரு கல், அதற்கு முன் நாலாயிரம் ஆண்டு ஒரு கல்லறையின் சுவராக இருந்திருக்கலாம். பழைய வீட்டைப் பிரித்து எடுத்த தேக்கு நிலைக்கதவைப் புது வீட்டில் வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவின் வயதைச் சொல்லி வீட்டின் வயது அதுவே என்று யாரும் சொல்வதில்லை.

இனி, உங்களை அதிகம் குழப்பியிருக்கும் 2,800க்கு வருவோம். இது சூரியனை வைத்துப் பிறந்த எண். பாப் லிண்ட் என்னும் தனிமுறை ஆய்வாளர் பல்லாண்டுக் காலம் அந்த மேட்டிலேயே நேரத்தைச் செலவிட்டு, சூரியன் எந்தக் கல்லுக்கு நேரே எழுகிறது, எங்கே மறைகிறது என்று பார்த்துப் பார்த்து, இது ஒரு சூரிய நாட்காட்டி என்ற முடிவுக்கு வந்தார். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நிலவியலாளர் நில்ஸ்-ஆக்சல் மோர்னர் அவருடன் சேர்ந்தார். இருவரும் 2012 வாக்கில் வெளியிட்ட கருத்தில், கற்கப்பல் வெண்கலக் காலத்தைச் சேர்ந்தது, கி.மு. 800ஐ ஒட்டியது, அதன் வடிவியல் ஸ்டோன்ஹெஞ்சின் வடிவியலோடு உறவுடையது என்றார்கள். தொல்லியலாளரில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. ஆனாலும் அந்த மேட்டில் நின்று மாலைச் சூரியனைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கதைதான் இனிக்கிறது, ஏனென்றால் அதன் முதல் பாதி கண்ணுக்கு எதிரே உண்மையாக நடக்கிறது.

கப்பலின் நீள அச்சு வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகிறது. ஜூன் 21ஐ ஒட்டி, சூரியன் வடகோடியில் திரும்பும் நாளில், அது வடமேற்கு முனைக் கல்லை ஒட்டி மறைகிறது. டிசம்பர் 21ஐ ஒட்டித் தென்கிழக்கு முனைக் கல்லின் பக்கமாகக் கடலிலிருந்து எழுகிறது. இவ்வளவும் மெய். ஆனால் இந்த இரண்டையும் இரண்டு தனிச் சான்றுகளாக எண்ணுவது பிழை. எந்த ஊரில் நின்றாலும் கோடைத் திருப்ப நாளின் மறைவுத் திசையும் குளிர்காலத் திருப்ப நாளின் எழுச்சித் திசையும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று நேரெதிராகவே இருக்கும். ஒன்று பொருந்தினால் மற்றது தானாகப் பொருந்தும். நம் ஊரில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் ஏறக்குறைய 24 டிகிரி அளவே விலகும். 55 டிகிரி அட்சரேகையை ஒட்டிய அந்தக் கடற்கரையில் விலகல் ஏறத்தாழ 45 டிகிரி. அதனால் திருப்ப நாட்களின் திசைகள் துல்லியமான வடமேற்கும் தென்கிழக்குமாக விழுகின்றன. கப்பலை வடமேற்கு தென்கிழக்காக நிறுத்த வேறு எந்தக் காரணம் இருந்திருந்தாலும், சூரியன் அதற்கு ஒத்துழைத்திருக்கும்.

சரி, வேண்டுமென்றே சூரியனைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள் என்றே கொள்வோம். எனக்கும் அது நம்பக்கூடியதாகவே படுகிறது; கதிர் திரும்பும் நாள் வடநாட்டு உழவனுக்கும் மீனவனுக்கும் எந்த நூற்றாண்டிலும் பெரிய நாள்தான். அதிலிருந்து கி.மு. 800 எப்படி வரும்? பூமியின் அச்சுச் சாய்வு மெல்ல மெல்லக் குறைந்துவருவதால் திருப்ப நாள் சூரியனின் திசையும் மெல்ல நகர்கிறது. அந்த நகர்வை வைத்து வயதைப் பின்னோக்கிக் கணிக்கலாம் என்பது அடிப்படைக் கருத்து. கருத்து சரியானதே. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். கி.மு. 800க்கும் கி.பி. 600க்கும் இடையில் அந்த இடத்தில் சூரியன் மறையும் திசை ஏறக்குறைய 0.4 டிகிரிதான் நகர்ந்திருக்கிறது. சூரிய வட்டத்தின் அகலமே அரை டிகிரி. கப்பலின் 67 மீட்டர் நீளத்துக்கு 0.4 டிகிரி என்பது அரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. முனைக் கல் ஒரு மீட்டர் அகலம் என்று கொண்டால், மறுமுனையிலிருந்து பார்க்கும்போது அது முழுச் சூரியனையும் மறைத்துவிடும்.

இதோடு முடியவில்லை. சூரியன் 'எழுந்தது' என்று எந்த நொடியைச் சொல்வது? முதல் கீற்று தெரிவதையா, வட்டம் முழுதும் வெளிவருவதையா? நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. சூரியன் ஏறக்குறைய நேர்மேலாக ஏறிவிடும். அங்கே அது அடிவானத்தைச் சாய்வாகக் கிழித்துக்கொண்டு, திருப்ப நாட்களில் 26 டிகிரிச் சரிவில்தான் மேலேறுகிறது. முதல் கீற்றுக்கும் முழு வட்டத்துக்கும் இடையில் அது பக்கவாட்டில் ஒரு டிகிரிக்கும் சற்று அதிகமாக நகர்ந்துவிடும். அதாவது கட்டியவர் எந்த நொடியைக் குறிவைத்தார் என்ற கேள்வி ஒன்றே, கேட்கப்படும் 1,400 ஆண்டு வேறுபாட்டை இரண்டு மடங்குக்கும் மேலாக விழுங்கிவிடுகிறது. மற்றக் கற்களும் மாதங்களையும் நேரங்களையும் குறிக்கின்றன என்ற வாதத்துக்கு எளிய ஒரு கணக்குப் போதும்: 59 கற்களில் எந்த இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தால் 1,711 கோடுகள் வரும். அவற்றில் சில, ஆண்டின் ஏதாவது ஒரு முக்கிய நாளின் சூரியனைத் தொடாமல் இருந்தால்தான் வியப்பு.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் இன்று பார்க்கும் கற்கள் கட்டியவர் விட்டுச்சென்றபடி அப்படியே நிற்பவை அல்ல. மேடு மணல்மேடு, காற்று மணலைக் கொண்டுவந்து கற்களை மூடியிருக்கிறது, சில சாய்ந்தும் விழுந்தும் கிடந்தன. 1916இல் ஒருமுறையும் 1956இல் ஒருமுறையும் மணலை அகற்றிக் கற்களை மீண்டும் நிமிர்த்தி நிறுத்தினார்கள். அக்காலத்து மீட்டமைப்பில் இன்றுபோல் ஒவ்வொரு அங்குலத்தையும் அளந்து பதிவு செய்யும் வழக்கம் இல்லை. விழுந்த கல்லை நிமிர்த்தும்போது அரையடி இப்படியோ அப்படியோ போயிருந்தால், அரை மீட்டருக்குக் குறைந்த வேறுபாட்டை நம்பிக் கட்டிய வானியல் வயது என்னவாகும்? நாட்காட்டிக் கருத்தை வெறுப்பவர்கள் அதைக் கேலி செய்வதை நான் விரும்புவதில்லை. லிண்டைப் போல ஆண்டுக்கணக்கில் அந்த இடத்தை உற்றுப்பார்த்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் உற்றுப்பார்த்ததைக் கொண்டு, கப்பல் சூரியனை நோக்கியிருக்கிறது என்பதுவரை சொல்லலாம். அது எந்த நூற்றாண்டுச் சூரியன் என்று சொல்ல முடியாது.

எனவே அப்பா கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: மேட்டில் முதல் பெருங்கல் ஏறியது 5,500 ஆண்டுக்கு முன், கப்பல் உருவானது பெரும்பாலும் 1,400 ஆண்டுக்கு முன், இன்று நாம் பார்க்கும் நிலையில் நிமிர்த்தப்பட்டது நம் தாத்தா காலத்தில். ஆலே என்னும் அரசன் இதனடியில் கிடக்கிறான் என்று அந்த ஊரில் ஒரு கதையும் உண்டு. அந்தப் பெயரில் ஓர் அரசனின் எலும்பை இதுவரை யாரும் எடுத்ததில்லை.

போகும் வழி பற்றி. கோபன்ஹேகனிலிருந்து ரயில், 2000இல் திறக்கப்பட்ட ஓரசுண்ட் பாலத்தைக் கடந்து முக்கால் மணி நேரத்துக்குள் மால்மோவில் சேர்க்கும். அங்கே வட்டார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஈஸ்டாட் நகரம். ஈஸ்டாடிலிருந்து கோசெபெர்யா கிழக்கே இருபது கிலோமீட்டருக்குள். கோடையில் பேருந்து உண்டு, மற்றப் பருவங்களில் மிகக் குறைவு. வயதானவர்கள் உடன் வருவதால், முடிந்தால் அக்கா வீட்டுக் காரிலேயே போய்விடுங்கள். நாடு மாறுவதால் எல்லாருடைய கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும். விசா சுவீடனுக்கும் செல்லுமா என்று உங்கள் விசாத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள், ஷெங்கன் விசாவானால் செல்லும்.

கிராமத்தின் சிறு துறைமுகத்திலிருந்து நேராக மேட்டில் ஏறும் ஒற்றையடிப் பாதை அழகானது, செங்குத்தானதும்கூட. அப்பாவுக்கு அது வேண்டாம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வயல்களின் ஓரமாகச் சுற்றிப் போகும் பாதையில் ஏற்றம் மெதுவானது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. நடுவில் நின்று நின்று போனால் அரைமணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனால் உட்கார நிழல் இல்லை, கூரை இல்லை, காற்றுக்குத் தடை எதுவும் இல்லை. ஜூலையிலும் கடற்காற்று காதை அடைக்கும். அம்மாவுக்கு ஒரு சால்வையும் அப்பாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்றும் எடுத்துப் போவது நல்லது. மேட்டின் கடலோர விளிம்பு மணல், பெயர்ந்து விழக்கூடியது. படம் எடுக்கும் ஆர்வத்தில் பிள்ளைகளை அங்கே விடாதீர்கள். அதே விளிம்பிலிருந்து சிலர் பாராகிளைடரில் பறப்பதையும் பார்க்கலாம். கட்டணம் கிடையாது, கதவு கிடையாது, எந்த நேரமும் போகலாம்; வண்டி நிறுத்தத்துக்கு மட்டும் காசு கேட்பார்கள். கற்களைத் தொட்டுப் பார்க்கத் தடை இல்லை, மேலே ஏறி உட்காராதீர்கள்.

நண்பகலில் போகாதீர்கள் என்பது என் ஒரே வற்புறுத்தல். சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும், கற்களுக்கு நிழல் இருக்காது, 59 கல்லும் 59 பாறைகளாகவே தெரியும். ஜூலையில் அங்கே சூரியன் இரவு ஒன்பதரை மணியை ஒட்டித்தான் மறையும். மாலை ஏழு மணிக்குமேல் போனால் கூட்டம் வடிந்திருக்கும், ஒவ்வொரு கல்லின் நிழலும் நீண்டு, புல்லின்மேல் கப்பல் இரட்டிப்பாகும். அப்போது தென்கிழக்கு முனையில் நின்று, கையை நீட்டிச் சுண்டுவிரலை எதிர்முனைக் கல்லின்மேல் வைத்துப் பாருங்கள். நீட்டிய கையில் சுண்டுவிரலின் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. அந்த விரல் மறைக்கும் இடத்துக்குள் இரண்டு சூரியன்கள் அருகருகே அடங்கும். மேலே சொன்ன கணக்கு முழுவதும் அந்த விரலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. உங்கள் பயணம் ஜூலை என்பதால் சூரியன் முனைக் கல்லுக்குச் சற்று இடப்புறமாக மறையும். திருப்ப நாள் கழிந்து எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். ஜூலை முதல் வாரத்தில் வித்தியாசம் சிறிதாகவே இருக்கும். மாத இறுதியில் நன்றாகத் தெரியும்.

பசித்தால் துறைமுகத்தில் புகையூட்டிய மீன் கிடைக்கும், ஹெர்ரிங் வகை அங்கே பேர்பெற்றது. அம்மா சைவம் என்றால் வீட்டிலிருந்தே ஏதாவது கட்டிக்கொண்டு போவதே பாதுகாப்பு. காரில் போகிறீர்களானால், கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி லோடெரூப்பை அடுத்துள்ள பக்கோக்ராவையும் பார்த்துவிடுங்கள். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்து 1961இல் ஆப்பிரிக்காவில் விமான விபத்தில் இறந்த டாக் ஹாமர்ஷோல்ட், ஓய்வு பெற்றபின் வாழ்வதற்கென்று 1957இல் வாங்கிய பண்ணை வீடு அது. வாழ அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அங்கே தியானத்துக்காக அமைத்த ஒரு சிறு கல்வட்டம் புல்வெளியில் இருக்கிறது. அதன் வயதைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை.

பேருந்தில்தான் போகிறீர்கள் என்றால், ஈஸ்டாடில் இறங்கியதும் கோசெபெர்யாவிலிருந்து திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியன் மறையும்வரை இருக்க விடாமல் அது முன்னதாகவே போய்விடும் நாட்கள் உண்டு. முதல்முறை போனபோது நான் அதைப் பார்க்காமல் மேட்டிலேயே நின்றுவிட்டு, பிறகு இருட்டில் வாடகைக் காருக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தேன்; அப்பாவை அப்படிக் காத்திருக்க வைக்க வேண்டாம்.